மெழுகுக் கப்பல் செய்த மேதை

பெரிய படகு வேகமாக ஓடுமா? சிறிய படகு வேகமாக ஓடுமா?

இரண்டு ஒல்லியான உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே பாலம் போட்டதுபோல இணைத்த படகுகள் உண்டு. அவற்றுக்குக் கட்டமரான் என்று பெயர். நம்முடைய கட்டுமரம் என்ற சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி ஆக்கிவிட்டார்கள். நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது பெயரை மட்டும்தான்!

இந்த இனத்தில் 6 மீட்டர் நீளமுள்ள பந்தயப் படகு மணிக்கு சுமார் 220 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கிறது. கடல் பந்தயத்துக்கான 12 முதல் 14 மீட்டர் படகுகள் 250 கிலோ மீட்டரையும் தாண்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் கட்டிய பிரான்சிஸ்கோ என்ற பயணிக் கப்பலும் கட்டமரான்தான். நீளம் 99 மீட்டர். 2013-ம் ஆண்டு வெள்ளோட்டத்தில் அது எட்டிய வேகம் மணிக்கு சுமார் 107 கிலோ மீட்டர்.

இவற்றில் எது சிறந்தது? வேகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நீளத்தையும் பார்க்கவேண்டும். நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைக் கணக்காகக் காட்டியவர் வில்லியம் புரூடு. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் மறைந்த இங்கிலாந்து எஞ்சினீயர்.

பாதிரியார் மகன்

1810-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி, டெவன் பகுதியில் உள்ள டார்ட்டிங்டன் கிராமத்தில் புரூடு பிறந்தார். தந்தை பெரிய பாதிரியார். சகோதரர்களும் பெயர் பெற்றவர்களே. ஒருவர் சமய சீர்திருத்தக்காரர். இன்னொருவர் சரித்திர ஆசிரியர். வில்லியமுக்கோ கணக்கில்தான் ஆசை. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார்.

அந்தக் காலத்தில் எஞ்சினீயர்களில் சிங்கம் போன்றவர் புரூனல். அவரிடம் ரெயில் பாதை போடும் வேலையில் புரூடு சேர்ந்தார். நல்ல வேலை, நல்ல பெயர். ஆனால் 1846-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். தந்தை நோயில் விழுந்திருந்தார். அவரைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே திரும்பினார்.

சில ஆண்டுகள் கழித்து, கப்பல் விஷயமாக அவரைத் தேடியவர் அதே புரூனல்தான். கிரேட் ஈஸ்டர்ன் என்ற பிரமாண்டமான கப்பலை அவர் கட்டிக்கொண்டிருந்தார். அலையில் அது எப்படி உருளும் என்று ஆராய்ந்து சொல்லும்படி கேட்டார். அன்று முதல் கப்பல்தான் புரூடுக்கு உலகம்.

எதற்கும் சான்று வேண்டும் என்பது அவர் சுபாவம். மனைவி காதரீன் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தபோதும் அவர் சேரவில்லை. மனம் ஒப்பவேண்டும் என்றார். கப்பல் விஷயத்திலும் அதே பிடிவாதம்தான்.

அன்னமும் காக்கையும்

கப்பலுக்குச் சிறந்த வடிவம் எது? கூரான முனை உள்ளதுதான் என்று பெரிய நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். புரூடு இரண்டு வித மாதிரிகள் செய்தார். மழுங்கிய முனை உள்ளதற்கு அன்னம் என்று பெயர். கூரான முனை உள்ளது அண்டங்காக்கை. ஒவ்வொன்றிலும் 3 அடி, 6 அடி, 12 அடி என்று மூன்று அளவுகள். டார்ட் ஆற்றில் நீராவிப் படகைக் கொண்டு அவற்றை இழுத்துப் பார்த்தார். ஒரு வேகத்தில் காக்கை ஜெயித்தது. வேறொரு வேகத்தில் அன்னம் ஜெயித்தது! எல்லா வேகத்துக்கும் ஒரே வடிவம் கிடையாது என்பது தெரிந்தது.

அதைவிடப் பெரிய விஷயமும் தெரிந்தது. கப்பல் ஓடும்போது அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அலையும் நீளுகிறது. கப்பலின் சக்தி இந்த அலையை எழுப்புவதிலேயே கரைகிறது. ஆனால் சின்ன மாதிரியும் பெரிய கப்பலும் ஒரே மாதிரி அலை எழுப்பும் வேகங்கள் உண்டு. அதற்குக் கணக்கு இதுதான்: கப்பல் 4 மடங்கு நீளமானால் வேகம் 2 மடங்கு. 16 மடங்கு நீளமானால் வேகம் 4 மடங்கு. 9 அடி மாதிரி மணிக்கு 3 கடல் மைல் ஓடினால், அது 144 அடிக் கப்பல் 12 கடல் மைல் ஓடுவதற்குச் சமம்.

பொம்மையை நம்பலாமா?

நிபுணர்கள் சிரித்தார்கள். ஸ்காட் ரசல் என்ற பிரபல கப்பல் நிபுணர், பொம்மையை வைத்துக் கப்பல் கட்டுவதா என்று கேலி செய்தார். நிஜக் கப்பல்களை இழுத்துப் பார்ப்பதே சரி என்று அறிஞர்கள் குழு முடிவு செய்தது. குழுவில் புரூடு மட்டும் மறுத்து எழுதினார்.

கடற்படை இலாகா அவரைக் கைவிடவில்லை. 1870-ல் 2,000 பவுன் கொடுத்தது. புரூடு தமக்குச் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார். டார்க்கீ நகரில் தம் வீட்டை ஒட்டி 278 அடி நீளம், 36 அடி அகலம், 10 அடி ஆழத்தில் தொட்டி கட்டினார். மேலே கூரை, அதன் கீழே தண்டவாளம், அதில் ஓடும் வண்டி. அந்த வண்டி மெழுகால் செய்த கப்பலை இழுக்கும். மெழுகு ஏன்? சீவி வடிவத்தை மாற்றுவது சுலபம். உருக்கினால் மறுபடியும் உதவும். சிக்கனக்காரர்!

ஆனால் ஒரு சிக்கல். தண்ணீர் கப்பலின் தோலை உரசி இழுக்கும் இழுப்பு, அலைக் கணக்குக்குக் கட்டுப்படாது. அதைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பலகைகளுக்கு வார்னிஷ் பூசியும், மணல் ஒட்டியும், துணி சுற்றியும் தொட்டியில் இழுத்து உரசலை அளந்தார். அலுப்புத் தட்டும் வேலை. ஆனால் அது இல்லாவிட்டால் அவர் கணக்கு பொய்த்திருக்கும்.

அக்கினிப் பரீட்சையும் வந்தது. 1871-ல் கிரேஹவுண்டு என்ற 172 அடிப் போர்க்கப்பலை ஆக்டிவ் என்ற கப்பல் இழுத்தது. கயிற்றில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று அளந்தார்கள். பிறகு 16-ல் ஒரு பங்கு மாதிரியைத் தொட்டியில் இழுத்தார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப் போயின! பொம்மை சொன்னது உண்மை.

இப்போது நம் கட்டமரான்களுக்கு வருவோம். பந்தயப் படகு, பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய 16-ல் ஒரு பங்கு. புரூடு கணக்குப்படி அது 27 கிலோ மீட்டர் ஓடினாலே 107-க்குச் சமம். ஆனால் 220 ஓடுகிறதே! காரணம், அது தண்ணீரைக் கிழித்துப் போவதில்லை; மேலே சறுக்குகிறது. இரண்டு உடல்களுக்கும் நடுவே புகும் காற்று அதைத் தூக்கிவிடுகிறது. பெரிய கப்பலை அப்படித் தூக்க முடியாது. நீளம் இரட்டித்தால் எடை 8 மடங்காகும். ஆகவே அது உடலை ஒல்லியாக்கி அலையைக் குறைத்துக்கொள்கிறது.

1878-ல் காதரீன் இறந்தார். புரூடு ஒடிந்துபோனார். மனம் தேற, கடற்படையின் விருந்தாளியாகத் தென் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே வயிற்றுக்கடுப்பு கண்டது. 1879-ம் ஆண்டு மே 4-ந் தேதி சைமன்ஸ் டவுனில் காலமானார். கடற்படை மரியாதையுடன் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

மகன் ராபர்ட் எட்மண்டு தொட்டி வேலையை ஏற்றுக்கொண்டார். 1886-ல் அது போர்ட்ஸ்மவுத் அருகே ஹாஸ்லருக்கு மாறியது. டார்க்கீ கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள்.