புரவி வீரர் வாங்கன்ஹைம்

வென்றவரைப் போற்றுவது உலகியல்பு. முதலிடம் பெற்றவன் பெயரைக் கல்லிற் பொறித்து, ஏனையோரை மறந்துவிடுவதும் அதன் வழக்கமே. ஆயினும், 24-ஆம் இடத்தில் நின்ற ஒருவர் முதலிடம் பெற்றவரினும் மிகுதியாகப் பேசப்படும் விந்தையும் அரிதாக நிகழ்வதுண்டு. அத்தகையார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன். அவர் ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரியாயிருந்த கான்ராட் வான் வாங்கன்ஹைம் என்பவர். நம் பண்டைச் சான்றோர் குதிரையின் வீரத்தைப் பாடுதற்கென்றே குதிரை மறம் என ஒரு துறை வகுத்தனர். அத்துறையைப் பயின்றார்க்கு இவ்வரலாறு உவகையை விளைப்பதோடு, உள்ளத்தில் ஆறாத வினாவொன்றையும் எழுப்பும்.

வாங்கன்ஹைம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள் ஹன்னோவர் நகரிற் பிறந்தார். இவருடைய குடி துரிங்கியா நாட்டுப் பழங்குடிகளுள் ஒன்று. வழிவழியாகப் பிரபுப் பட்டம் உடையது. இவர் பிறந்த ஹன்னோவரோ ஜெர்மானியரின் குதிரையேற்றக் கலைக்குத் தாயகம் போன்றது. அந்நாட்டுக் குதிரைப்படைப் பள்ளி அங்கேதான் பல்லாண்டு விளங்கியது. அத்தகைய நகரிற் பிறந்தவர் சேணத்தையும் கடிவாளத்தையும் விரும்பியதில் வியப்பில்லை. உரிய பருவத்திற் படையிற் சேர்ந்து குதிரைப்படை அதிகாரியானார். 1936-ஆம் ஆண்டு பெர்லின் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றபோது, ஈவெண்டிங் என்னும் முந்நாட் போட்டிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜெர்மானியர் மூவருள் இவரும் ஒருவராயினார். அப்போது இவருக்கு வயது இருபத்தாறு. அவ்வாண்டின் பிறந்த நாள் வருவதற்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன.

இப்போட்டி இன்னதென்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். இது படைவீடுகளிற் பிறந்தது. போர்க்களத்திற் செய்தி கொண்டு செல்லும் வீரனுக்கு எத்தகைய குதிரை வேண்டும்? அது சொற்படி நடப்பதாயிருத்தல் வேண்டும். காடு, மேடு, பள்ளம், நீர் என்னும் எதனையும் அஞ்சாது கடப்பதாயிருத்தல் வேண்டும். ஒருநாள் முழுதும் உழைத்த பின்னும் மறுநாள் சேணமிடத்தக்க நிலையில் இருத்தல் வேண்டும். இம்மூன்றனையும் சோதிக்கவே மூன்று தேர்வுகள் அமைந்தன. முதலாவது, குதிரையின் நடையழகையும் கீழ்ப்படிதலையும் காணும் தேர்வு. இரண்டாவது, நெடுந்தொலைவு ஓடித் திறந்த வெளியிலுள்ள தடைகளைத் தாண்டும் தேர்வு. மூன்றாவது, அரங்கினுள் நிறுத்திய வேலிகளைத் தாண்டும் தேர்வு. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் இப்போட்டி முதன்முதல் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. நெடுங்காலம் படை அதிகாரிகளே இதிற் கலந்துகொண்டனர்.

பெர்லினில் 19 நாடுகளைச் சேர்ந்த 50 வீரர் இதிற் புகுந்தனர். அக்கால விதியொன்றை ஈண்டு நினைவில் வைத்தல் வேண்டும். ஒரு நாட்டின் அணிக்கு மூவரே உரியர். அம்மூவரும் மூன்று தேர்வுகளையும் முடித்தாலன்றி அணி கணக்கிற் கொள்ளப்படாது. ஒருவர் விழுந்து விலகினால் ஏனையிருவர் பட்ட பாடெல்லாம் வீண். இவ்விதியே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்தாயிற்று.

ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் இரண்டாம் தேர்வு நடைபெற்றது. பெர்லினுக்கு மேற்கேயுள்ள டோபரிட்ஸ் என்னும் படைப்பயிற்சி வெளியே அதன் களம். அன்று குதிரைகள் கடக்கவேண்டிய மொத்தத் தொலைவு 36 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் 35 தடைகள் நிறைந்த வழி. அத்தடைகளுள் நான்காவதே பெருங்கேடு விளைத்தது. பார்வைக்கு அஃது எளியது. உயரமில்லாத ஒரு வேலி. அதற்கு அப்பால் ஒரு குளம். வேலியைத் தாண்டும் குதிரை நீரில் இறங்கி, அக்கரை ஏறிச் செல்லல் வேண்டும். ஆயின், குளத்தின் ஆழமோ ஒரே சீராயில்லை, அடியிலோ சேறு. நீரின் மேற்பரப்பு அவ்வஞ்சனையை மறைத்து நின்றது. விரைந்து வந்து பாய்ந்த புரவிகள் காலூன்ற இடமின்றித் தலைகுப்புற வீழ்ந்தன. அத்தடையைத் தாண்டிய 46 குதிரைகளுள் 18 வீழ்ந்தன. வேறு 10 குதிரைகளின் மேலிருந்த வீரர் நீரில் எறியப்பட்டனர். அக்குளத்தின் இயல்பை ஜெர்மானியர் முன்னரே அறிந்திருந்தனரோ என்று பிற நாட்டினர் ஐயுற்றனர். ஆனால், ஜெர்மானியராகிய வாங்கன்ஹைமையும் அக்குளம் விட்டுவைக்கவில்லை.

அவர் ஏறிய குதிரையின் பெயர் கூர்ஃபூர்ஸ்ட் என்பது. பண்டை ஜெர்மானியப் பேரரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிற்றரசனை அச்சொல் குறிக்கும். பெருமிதம் மிக்க பெயருடைய அப்புரவியும் அன்று குளத்தில் இடறியது. வாங்கன்ஹைம் தூக்கியெறியப்பட்டார். இடப்பக்கத்துக் காறையெலும்பு முறிந்தது. அவ்வெலும்பு முறிந்தவன் அப்பக்கத்துக் கையை மேலே தூக்கவும் மாட்டான். குதிரை வீரனுக்கோ இரு கையும் கடிவாள வாரில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தடையையும் தாண்டி இறங்கும்போது அவன் உடலின் பாரம் முழுதும் முன்னோக்கிச் சாயும். அப்பாரத்தைத் தாங்குவன தோளும் கையுமே. எஞ்சியிருந்தனவோ 31 தடைகள்! இவர் என் செய்தார்? நனைந்த உடலோடும் முறிந்த எலும்போடும் மீண்டும் குதிரைமேல் ஏறினார். தாம் விலகினால் தம் தோழர் இருவர் உழைப்பும் பாழாம் என்பதொன்றே அவர் உள்ளத்தை நிறைத்தது போலும். எஞ்சிய தடைகள் அனைத்தையும் தாண்டி எல்லையை அடைந்தார்.

வீரம் இத்துடன் முடியவில்லை. மறுநாள், ஆகஸ்டு 16, மூன்றாம் தேர்வு. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் கொள்ளும் ஒலிம்பிக் பேரரங்கில் அது நிகழ்ந்தது. வாங்கன்ஹைம் கட்டுப்போட்ட கையுடன் உள்ளே வந்தார். ஆயின், ஊழ் இன்னும் அவரை விட்டபாடில்லை. தடைகளைத் தாண்டிவருங்கால் கூர்ஃபூர்ஸ்ட் மீண்டும் வீழ்ந்தது. இம்முறை வீரர்மேலேயே வீழ்ந்தது. குதிரை சிறிது நேரம் அசைவற்றுக் கிடந்தது. அஃது இறந்தது என்றே கண்டோர் எண்ணினர். வாங்கன்ஹைம் அதன் அடியினின்றும் தம்மை விடுவித்துக்கொண்டு எழுந்தார். சிறிது நேரத்திற் குதிரையும் துள்ளி எழுந்தது. அவர் மறுபடியும் சேணத்தில் அமர்ந்தார். எஞ்சிய வேலிகளைப் பிழையின்றித் தாண்டி முடித்தார். அப்போது எழுந்த ஆரவாரத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

இப்போட்டியிற் குற்றப் புள்ளிகளே கணக்கிடப்பெறும். குறைந்தது பெற்றவரே சிறந்தவர். முதலிடம் பெற்றுத் தனிப்பட்ட பொற்பதக்கத்தையும் எய்திய லூட்விக் ஸ்டூபன்டார்ஃப் என்பவர்க்கு 37.70 குற்றப் புள்ளிகள். ருடால்ஃப் லிப்பெர்ட் என்பவர்க்கு 111.60, வாங்கன்ஹைமுக்கோ 527.35. எண்ணை மட்டும் நோக்கின் இவர் அணிக்குப் பெருஞ்சுமை எனவே தோன்றும். ஆயினும், இவர் முடித்தமையாலன்றோ அணி அணியாயிற்று! பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் தொடங்கியும், ஜெர்மனி, போலந்து, பிரிட்டன், செக்கோஸ்லோவேகியா ஆகிய நான்கே இறுதிவரை நின்றன. ஜெர்மனி அணிக்குரிய பொற்பதக்கத்தை அடைந்தது. அவ்வாண்டுக் குதிரையேற்றப் போட்டிகளுக்குரிய ஆறு பொற்பதக்கங்களும் ஜெர்மானியருக்கே உரியவாயின. வாங்கன்ஹைமின் பெயர் உலகெங்கும் பரவியது.

இவ்வளவும் படித்தபோது எனக்குண்டான உவகைக்கு எல்லையில்லை. தன் வலியைப் பொருட்படுத்தாது தோழர்பொருட்டு எழுந்து நின்ற ஒருவரைப் போற்றாத நெஞ்சும் நெஞ்சாமோ என எண்ணினேன். ஆனால், அப்போட்டியைக் குறித்த மற்றொரு செய்தியை அறிந்தபின் என் உள்ளம் அமைதியுறவில்லை. அப்போட்டியில் மூன்று குதிரைகள் உயிரிழந்தன. அவற்றுக்குப் பதக்கம் இல்லை, ஆரவாரமும் இல்லை. வாங்கன்ஹைம் எலும்பு முறிந்த பின்னும் ஏறுவதற்குத் தாமே துணிந்தார். கூர்ஃபூர்ஸ்டை அவ்வாறு எவர் கேட்டார்? சேற்றில் இடறி வீழ்ந்த அதுவும் முதுகிற் சுமையேற்று மேலும் 31 முறை பாய்ந்தது. ஒரு கை முறிந்த வீரனால் அதனைச் செவ்வனே நடத்துதல் இயலுமோ? மறுநாள் அது வீழ்ந்தது அதன் பிழையோ, வீரர் நிலையின் பிழையோ, யார் அறிவார்? அன்று அது மீண்டும் எழுந்தது; எழாதிருந்திருப்பின், நாம் இவ்வரலாற்றை வீரமென்று ஏத்துவோமோ, கொடுமையென்று இரங்குவோமோ? தன் உயிரைப் பணயம் வைப்பது ஒன்று. வாயற்ற தோழனின் உயிரையும் அதனோடு சேர்த்து வைப்பது மற்றொன்று. இவ்விரண்டனுக்கும் இடைப்பட்ட வேற்றுமையை ஆரவாரத்தின் நடுவே காண்பது அரிது.

இனி, அவ்வெற்றியின் பயன் யாதாயிற்று என்பதையும் காண்போம். அக்காலத்து ஜெர்மனி ஹிட்லரின் ஆட்சியில் இருந்தது. இத்தகைய வெற்றிகளைத் தன் பெருமைக்குச் சான்றாக அவ்வாட்சி உலகின்முன் காட்டிக்கொண்டது. மூன்றாண்டு கழிந்ததும், 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அதே ஆட்சி உலகைப் பெரும்போரில் ஆழ்த்தியது. பதக்கம் பெற்ற மூவரும் படையதிகாரிகளாதலின் போருக்குச் சென்றனர். முதலிடம் பெற்ற ஸ்டூபன்டார்ஃப் 1941-ஆம் ஆண்டு கீழைப் போர்முனையில் மாண்டார். லிப்பெர்ட் 1945-ஆம் ஆண்டு, போர் முடியுந்தறுவாயில் உயிர் நீத்தார். வாங்கன்ஹைம் 1944-ஆம் ஆண்டு சோவியத் படையினரிடம் சிறைப்பட்டார். போர் முடிந்தும் அவருக்கு விடுதலை கிட்டவில்லை. ஆண்டுகள் பல சென்றன. 1953-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் நாள், தம் நாற்பத்து மூன்றாம் வயதில், சிறையிலேயே அவர் உயிர் நீங்கினார். எஞ்சிய ஜெர்மானியக் கைதிகள் 1955, 1956-ஆம் ஆண்டுகளில் வீடு திரும்பினர். அக்கூட்டத்தில் அவர் இல்லை. குளத்தில் வீழ்ந்து எழுந்தவர், அரங்கில் வீழ்ந்து எழுந்தவர், இம்முறை எழவில்லை. அந்தோ! மூவரையும் புகழின் உச்சியில் ஏற்றிய கையே அவர்களைப் பின்னர்ப் போர் என்னும் படுகுழியிலும் தள்ளியது. பகைவர் மண்ணை வெல்லப் புறப்பட்ட படையில் அவர்கள் நின்றனர் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. வீரம் எவ்வளவு தூயதாயினும், அது யாருக்கு ஏவல் செய்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது.

அவ்விளையாட்டு இன்றும் நிலவுகின்றது; ஆயின், பெரிதும் திருந்தியிருக்கின்றது. 1952-ஆம் ஆண்டு முதல் படையைச் சேராதாரும், 1964-ஆம் ஆண்டு முதல் பெண்டிரும் ஒலிம்பிக்கில் இதிற் கலந்துகொள்கின்றனர். குதிரையைக் களைப்புறச் செய்த நெடுவழி ஓட்டம் 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. வலுவாக மோதினால் விலகிக் கொடுக்கும் ஊசிகள் தடைகள் பலவற்றிற் பொருத்தப்படுகின்றன. வீரன் விழும்போது காற்றடைந்து விரியும் மார்புக் கவசமும் வந்துள்ளது. குதிரைகளை மருத்துவர் சோதித்துத் தகுதியுடையனவற்றையே அனுமதிக்கின்றனர். இவையனைத்தினும் குறிப்பிடத்தக்க விதி ஒன்று உண்டு. இன்று உலகப் போட்டிகளில் திறந்த வெளித் தேர்விற் குதிரையினின்றும் விழுந்த வீரன் மீண்டும் ஏறித் தொடரலாகாது. அவன் அப்போதே விலக்கப்படுவான். அஃதாவது, வாங்கன்ஹைமுக்கு அழியாப் புகழ் தந்த அச்செயல் இன்று விதியாலேயே தடுக்கப்பட்டிருக்கின்றது! இதனால் வீரம் குன்றிற்று என்பார் சிலர் இருத்தல் கூடும். யான் அவ்வாறு எண்ணேன். வீழ்ந்தவனைத் தடுத்து நிறுத்துவது அவனை இழிப்பதற்கன்று. அவனையும், அவனைச் சுமக்கும் உயிரையும் மற்றொரு நாளுக்கெனக் காப்பதற்கே. இத்துணை செய்தும் இடர் முற்றும் ஒழிந்ததில்லை. பெரும் புரவியொன்று விரைந்து வந்து தடையில் மோதித் தலைகீழாய்ப் புரளுமாயின், அதனடியிற் பட்ட மனிதன் பிழைத்தல் அரிது. அறிந்தே இளைஞர் பலர் இதனை மேற்கொள்கின்றனர். மனிதனும் விலங்கும் ஒன்றையொன்று நம்பி ஒருடல்போல் இயங்கும் இன்பம் வேறெவ்விளையாட்டிலும் இல்லை என்பதே அதற்குக் காரணம். அந்நம்பிக்கையே இதன் பரிசு. அதனைக் காப்பதே இதன் கடமை.

நண்பர்களே! வாங்கன்ஹைமின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கன இரண்டு. வீழ்ந்தவிடத்தே கிடவாது, நம்மை நம்பியிருப்போர் பொருட்டு எழுந்து நிற்றல் வேண்டும் என்பது ஒன்று; இஃது எளிதில் விளங்கும். மற்றொன்றோ சிந்தித்து உணரற்பாலது. நாம் எழுந்து ஓடும்போது யார் முதுகில் அமர்ந்து ஓடுகின்றோம், யாருடைய கைதட்டலுக்காக ஓடுகின்றோம் என்று ஒருகணம் நின்று நோக்குதல் வேண்டும். தேர்விலும் விளையாட்டிலும் பின்னர்த் தொழிலிலும் முந்த விரும்பும் நம்மனோர்க்கு முன்னதைச் சொல்லுவோர் பலர். பின்னதைச் சொல்லுவோர் சிலரே. அரங்கில் அசைவற்றுக் கிடந்து பின் துள்ளி எழுந்த அவ்வாயற்ற புரவி, அதனை நமக்கு என்றும் சொல்லிக்கொண்டே நிற்கின்றது.