ஆளுக்கேற்ற வண்டி அமைத்தவர்

நீலமலை நாட்டில் எந்த ஊர்தியின் குறையும் நெடுநாள் மறைந்திராது. சமவெளியில் ஒருவாறு ஓடித் திரியும் வண்டி, மலைச் சாலையில் ஏறியவுடனே தன் இயல்பைக் காட்டிவிடும். குன்னூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலமோ ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையிலுள்ள சாலை தேயிலைத் தோட்டங்களின் ஓரமாக வளைந்தும் நெளிந்தும் ஏறிச் செல்கின்றது. காலை வேளையில் பனியும், மாரிக் காலத்தில் மழையும் அதனை ஈரமாக்கிவிடும். இத்தகைய சாலையில் தன் கால் நிலத்தில் எட்டாத பெரிய மிதிவண்டியில் ஒரு சிறுவன் இறங்கி வருவானாயின், வளைவில் வண்டியை நிறுத்த நேரும்போது அவன் நிலை என்னாகும்? தந்தையின் வண்டியை எடுத்துக்கொண்டு, குறுக்குத் தண்டின் கீழாக ஒரு காலை நுழைத்து மிதிக்கும் குரங்குப் பெடல் முறை நம் நாட்டுச் சிறுவர் பலரும் அறிந்ததே. சமவெளித் தெருவில் அது விளையாட்டு. மலைச் சரிவில் அது விளையாட்டன்று.

ஓட்டுபவனின் உயரத்திற்கு ஏற்றவாறு வண்டி அமைதல் வேண்டும் என்பது இன்று வெளிப்படையான செய்தியாகத் தோன்றுகின்றது. ஆயினும், ஒரு காலத்தில் வண்டிக்கு ஏற்ற ஆளைத்தான் தேட வேண்டியிருந்தது. அந்நிலையை மாற்றி, நெட்டையனும் குட்டையனும், ஆடவரும் பெண்டிரும், இளைஞரும் முதியோரும் ஏறிச் செல்லத்தக்க வண்டியை உலகிற்கு அளித்தவர் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் ஆவர்.

ஸ்டார்லி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், லண்டன் மாநகரை அடுத்த வால்தம்ஸ்டோ என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் தோட்டத் தொழிலாளர். அவருக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி என்னும் சிறிய தந்தையார் ஒருவர் இருந்தார். இவரும் இளமையில் தோட்ட வேலை செய்தவரே; ஆயின் பொறிகளைப் பிரித்து ஆராய்வதில் பெருவேட்கை உடையவர். தையற்பொறி ஒன்றைப் பழுது பார்த்ததே அவருடைய வாழ்வின் திருப்பமாயிற்று. பின்னர் அவர் கவன்ட்ரி நகரில் குடியேறித் தையற்பொறி செய்யும் ஆலையில் பணியாற்றினார். அந்த ஆலையே 1860களின் பிற்பகுதியில் மிதிவண்டி செய்யும் ஆலையாக மாறியது. கவன்ட்ரி நகரம் அக்காலத்தில் வறுமையுற்றிருந்தது. பட்டு நாடா நெசவே அதன் பெருந்தொழில்; 1860ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுடன் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கைக்குப்பின் அயல்நாட்டு நாடாக்கள் வந்து குவியவே, தறிகள் ஓய்ந்தன. பிழைப்பிழந்த நகரத்திற்குப் புதிய தொழிலாக வாய்த்தது மிதிவண்டித் தொழில்.

1872ஆம் ஆண்டில், ஏறத்தாழப் பதினேழு வயதில், ஜான் கெம்ப் ஸ்டார்லி கவன்ட்ரிக்கு வந்து தம் சிறிய தந்தையாரிடம் தொழில் பயின்றார். ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மன் என்பவரும் சேர்ந்து ஏரியல் என்னும் வண்டியை அப்போது செய்துவந்தனர். மெல்லிய கம்பிகளை ஆரக்கால்களாக இழுத்துக் கட்டிய உருளையை உடையது அது. பண்டைத் தமிழர் தேருருளையின் உறுப்புகளுக்கு ஆர், சூட்டு, குறடு எனப் பெயரிட்டு வழங்கினர். அவர் கண்ட ஆர் மரத்தாலாகியது. பாரத்தைத் தன்மீது தாங்கி நிற்பது. ஏரியல் வண்டியின் ஆரோ கம்பி. பாரத்தைத் தாங்குவதற்கு மாறாக இழுத்துப் பிடிப்பது. உருளை பெரிதாயினும் எடை மிகாமைக்கு இதுவே காரணம்.

உருளை பெரிதாக வேண்டிய தேவைதான் யாது? அதனை அறிந்துகொண்டால் ஸ்டார்லியின் பெருமை தானே விளங்கும். அக்கால வண்டியில் சங்கிலி இல்லை. மிதிகட்டைகள் முன்னுருளையின் நடுவிலேயே பொருத்தப்பட்டிருந்தன. கால் ஒரு முறை சுற்றினால் உருளையும் ஒரே முறைதான் சுற்றும். ஐம்பது அங்குலக் குறுக்களவுள்ள உருளை ஒரு சுற்றில் ஏறத்தாழப் பதின்மூன்று அடி தூரம் செல்லும். விரைந்து செல்ல விரும்புபவர் உருளையைப் பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லை. ஆகவே முன்னுருளை ஆளின் மார்பளவு உயர்ந்தது. பின்னுருளை ஒரு தட்டின் அளவாகச் சிறுத்தது. ஓட்டுபவர் பெரிய உருளையின் உச்சியில் அமர்ந்திருந்தார்.

இவ்வண்டியை வாங்கச் செல்பவரின் காலை முதலில் அளந்தனர். கால் எவ்வளவு நீளமோ அவ்வளவிற்கு ஏற்பவே உருளை கொள்ள இயலும். நெட்டைக் காலருக்கு ஐம்பத்தாறு, அறுபது அங்குல உருளை. குட்டைக் காலருக்கு நாற்பத்தெட்டோ அதற்கும் குறைந்ததோ. எனவே ஒருவரது விரைவு அவருடைய உடல் வலிமையைக் காட்டிலும் கால் நீளத்தையே சார்ந்திருந்தது. இது நேர்மையற்ற ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அன்றியும், சிறு கல் ஒன்று உருளையில் தடுக்கினாலும் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகீழாய் வீழ்வார். எலும்பு முறிந்தோரும் உயிர் இழந்தோரும் பலர். நீண்ட பாவாடை அணிந்த அந்நாட்டு மகளிர் அதன்மேல் ஏறுதல் அரிது. முதியோர் அதனை அணுகவும் அஞ்சினர். துணிவும் உயரமும் வாய்ந்த இளைஞர்களுக்கே அது உரிய ஊர்தியாயிற்று.

ஸ்டார்லி 1870களின் இறுதியில் வில்லியம் சட்டன் என்னும் நண்பருடன் கூடித் தனியே தொழில் தொடங்கினார். முதலில் அவர்கள் மூவுருளி வண்டிகளைச் செய்தனர். 1881ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டார்லி மறைந்தார். ஆசானும் உறவினருமாகிய அவர் சென்ற வழியிலேயே செல்வது மருமகனார் போன்ற மகன் முறையினர்க்கு எளிதாக இருந்திருக்கும். உயர்ந்த உருளை வண்டியால் அக்குடும்பம் அடைந்த புகழும் சிறிதன்று. ஆயினும், ஜான் கெம்ப் ஸ்டார்லி அவ்வண்டியைச் செப்பஞ்செய்வதில் காலம் போக்காமல், கேள்வியையே மாற்றிக்கொண்டார். வண்டியை எவ்வாறு அமைப்பது என்பதனின்றும் தொடங்காமல், மனிதன் எவ்வாறு அமர்ந்தால் அவனுடைய கால் முழு வலிமையுடன் இயங்கும் என்பதிலிருந்து தொடங்கினார்.

அவ்வாறு பிறந்ததே 1885ஆம் ஆண்டில் வெளிவந்த ரோவர் என்னும் வண்டி. அதில் மிதிகட்டைகள் இரண்டு உருளைகளுக்கும் இடையே தாழ்வாக அமைந்தன. அங்கிருந்து ஒரு சங்கிலி பின்னுருளைக்குச் சென்று அதனைச் சுழற்றியது. முன்னுள்ள பற்சக்கரம் பெரிதாகவும் பின்னுள்ளது சிறிதாகவும் இருந்தால், கால் ஒரு சுற்றுச் சுற்றும்போது உருளை பல சுற்றுச் சுற்றும். எடுத்துக்காட்டாக, முன்னே முப்பத்தாறு பற்களும் பின்னே பதினெட்டுப் பற்களும் இருப்பின், இருபத்தாறு அங்குல உருளை ஐம்பத்திரண்டு அங்குல உருளையின் வேலையைச் செய்யும். விரைவுக்கும் கால் நீளத்திற்கும் இருந்த கட்டு இதனால் அறுந்தது. உருளை சிறுத்தது, இருக்கை தாழ்ந்தது, நின்றவுடன் கால் நிலத்தைத் தொட்டது.

சங்கிலியால் பின்னுருளையைச் சுழற்றும் எண்ணம் ஸ்டார்லிக்கே முதலில் தோன்றியது என்று கூறுதல் பொருந்தாது. ஹென்றி லாசன் என்பவர் 1879ஆம் ஆண்டிலேயே அத்தகைய வண்டி ஒன்றிற்கு உரிமை பெற்றிருந்தார். அது மக்களிடம் செல்வாக்குப் பெறவில்லை. ஸ்டார்லியின் முதல் ரோவரிலும் முன்னுருளை பின்னுருளையினும் பெரிதாகவே இருந்தது. கைப்பிடியும் நேரே உருளையைத் திருப்பவில்லை. அவர் ஓராண்டிற்குள் அதனை மீண்டும் மீண்டும் திருத்தி, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு உருளைகளும் நேரே திருப்பும் கைப்பிடியும் உடைய வடிவத்தைக் கண்டார். முதலில் எண்ணியவர் என்பதினும், எண்ணியதை முடிக்கும்வரை ஓயாதவர் என்பதே அவருக்குரிய சிறப்பு.

உயர்ந்த உருளையில் பழகியோர் இத்தாழ்ந்த வண்டியைக் கண்டு நகைத்தனர். நகைப்பிற்கு விடையளிக்கச் சாலையே தக்க இடம் என்று ஸ்டார்லி கருதினார் போலும். 1885ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், லண்டனின் வடக்கே செல்லும் பெருஞ்சாலையில் நூறு மைல் பந்தயம் ஒன்று நடைபெற்றது. ரோவர் வண்டியில் சென்ற ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஏழு மணி நேரத்திற்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் அத்தொலைவைக் கடந்து, அதுவரை எவரும் செய்யாத அருஞ்செயல் புரிந்தார். அதன்பின் நகைப்பு அடங்கியது. எஞ்சியிருந்த குறை ஒன்றே. சிறிய உருளைகள் மேடுபள்ளங்களில் மிகுதியாகக் குலுங்கின. அக்குறையை 1888ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவராகிய ஜான் பாய்டு டன்லப், காற்றடைத்த டயரால் போக்கினார். சில ஆண்டுகளில் உயர்ந்த உருளை வண்டிகள் காட்சிப்பொருள்களாயின.

1898ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள கலைக் கழகத்தின் முன் ஸ்டார்லி சொற்பொழிவாற்றினார். தம் வண்டியை அமைத்தபோது மனத்திற்கொண்ட கருத்துகளை அவர் அங்கு விளக்கினார். ஓட்டுபவர் நிலத்திலிருந்து தக்க உயரத்தில் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. மிதிகட்டைக்கும் உருளைக்கும் உள்ள தொடர்பு வேண்டியவாறு மாற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இருக்கை மிதிகட்டைகளுக்கு நேரிய இடத்தில் அமைந்து, மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர்த்தத்தக்கதாய் இருத்தல் வேண்டும். கைப்பிடியும் அவ்வாறே ஆளுக்கேற்ப மாறுதல் வேண்டும். களைப்புக் குறைந்து வலிமை மிக வேண்டும் என்பன ஏனைய. இன்று கடையில் வண்டி வாங்குபவர் கவனிக்க வேண்டியவற்றை அவர் அன்றே வகுத்துவிட்டார் எனலாம்.

வண்டியின் அளவு பற்றி நம் நாட்டில் ஒரு மயக்கம் உண்டு. சிறுவர் வண்டிகளை இருபது அங்குலம், இருபத்து நான்கு அங்குலம் என்று கூறும்போது அது உருளையின் குறுக்களவைக் குறிக்கும். பெரியோர் வண்டியை இருபத்திரண்டு அங்குலம் என்றால், அது சட்டத்தின் அளவு. அஃதாவது மிதிகட்டைகள் இணையும் அச்சின் நடுவிலிருந்து இருக்கைத் தண்டு செருகும் குழாயின் மேல்முனை வரையுள்ள நீளம். உருளையை மட்டும் நோக்கி வாங்குபவர் ஏமாறுவர். கால்களின் உட்புற நீளத்தை அடியிலிருந்து கவடு வரை அளந்து, அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சட்டமாகக் கொள்வது சாலை வண்டிக்குரிய பொதுவான கணக்கு. அவ்வாறாயின் முப்பத்திரண்டு அங்குலக் காலுடையவர்க்குச் சட்டம் இருபத்தோர் அங்குலத்தை ஒட்டி அமையும். குறுக்குத் தண்டின் இருபுறமும் இரு பாதங்களையும் முழுதும் ஊன்றி நின்றால், தண்டிற்கும் உடலுக்கும் இடையே ஓர் அங்குலமேனும் இடைவெளி வேண்டும். மிதிகட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். அவ்வாறு இருக்கையை நிறுத்தினால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கி, வலி தோன்றாது.

மலை நாட்டில் இவ்விடைவெளி இன்னும் மிகுதியாக வேண்டும். சரிவான நிலத்தில் வண்டியை நிறுத்துங்கால், ஒரு பாதம் மற்றதனினும் தாழ்ந்த இடத்தில் ஊன்ற நேரும். அளவு மட்டாக இருந்தால் அது எட்டாது. ஆதலின் இரண்டு அளவுகளுக்கிடையே ஐயம் நேருமாயின் மலைவாழ் மாணவர் சிறியதையே கொள்ளுதல் நன்று. சிறிய சட்டத்தில் இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். பெரிய சட்டத்தைக் குறைக்க வழியில்லை. நாளைக்கு வளர்வான் என்று கருதிப் பெரிய சட்டை தைப்பது போலப் பெரிய வண்டி வாங்கித் தரும் பெற்றோர் இதனை எண்ணுதல் வேண்டும். கைவிரல்கள் தடைப்பிடிகளை எளிதில் எட்டிப் பற்றுகின்றனவா என்பதும் பார்க்கத்தக்கது. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் சாலையில் மட்டும் முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஏறும்போதோ பற்சக்கரங்களின் கணக்கு உதவும். முன்னது சிறிதாகவும் பின்னது பெரிதாகவும் அமையின், விரைவு குறைந்து ஏற்றம் எளிதாகும். வேண்டியவாறு மாற்றத்தக்கதாதல் வேண்டும் என்று ஸ்டார்லி கூறிய தொடர்பு இதுவே. இக்காலத்துப் பல கியர் வண்டிகளில் அது கைவிரலசைவில் மாறுகின்றது.

ஸ்டார்லியின் உள்ளம் மிதிவண்டியோடு நின்றுவிடவில்லை. 1888ஆம் ஆண்டிலேயே மின்கலத்தால் ஓடும் மூவுருளி ஒன்றைச் செய்து பார்த்தார். அதனை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. அவருடைய தொழிலகம் வளர்ந்து, 1890களின் பிற்பகுதியில் ரோவர் சைக்கிள் கம்பெனி என்னும் பெயர் பெற்றது. அவர் வகுத்த வடிவத்தையே பிறரும் மேற்கொண்டனர்; கடல் கடந்தும் அது பரவியது. நம் நாட்டிலும் 1949ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. அங்கு உருவான வண்டிகளின் சட்டமும் சங்கிலியும் ரோவரின் வழிவந்தனவே.

1901ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், ஐம்பது வயதும் நிரம்பாத நிலையில், ஸ்டார்லி திடீரென உயிர் நீத்தார். நாடா நெசவு நலிந்த நகரத்திற்குப் பிழைப்பளித்தவர்களுள் ஒருவராகிய அவருக்கு இறுதி மரியாதை செய்யக் கவன்ட்ரி மக்கள் பெருந்திரளாகக் கூடினர். அவர் மறைந்த சில ஆண்டுகளில், 1904ஆம் ஆண்டில், அவருடைய நிறுவனம் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கியது. போலந்து நாட்டு மொழியில் மிதிவண்டிக்கு இன்றும் ரோவர் என்பதே பெயர். அச்சொல்லை நாள்தோறும் வழங்குவோருள் அது கவன்ட்ரியில் பிறந்த ஒரு வண்டியின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே.