நெல் வயலில் சிப் ஆலைகள்: பினாங்கை மாற்றிய டாக்டர் லிம் சோங் யூ யார்?

பினாங்கு விமான நிலையத்தில் இறங்கி, ஜோர்ச்டவுனுக்குக் காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் கடல். இடப்பக்கம் வரிசையாகத் தொழிற்சாலைகள். கொஞ்ச தூரத்தில் பினாங்குப் பாலம். அந்தக் கடலோர நெடுஞ்சாலைக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? துன் டாக்டர் லிம் சோங் யூ.

1969 முதல் 1990 வரை 21 ஆண்டுகள் பினாங்கின் முதலமைச்சராக இருந்தவர். 'கிழக்கின் சிலிக்கன் பள்ளத்தாக்கு' என்று இன்று பினாங்கைச் சொல்கிறோமே, அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர்.

புத்தாக்கம், புதுமைன்னு எல்லா அரசாங்கமும் பேசுது. ஆனால் ஓர் ஊரில் அது எப்படி வேர் பிடிக்கிறது? அதற்கு எவ்வளவு காலம் ஆகும்? லிம் சோங் யூவின் வாழ்க்கையைப் பார்த்தால் ஓரளவு புரியும்.

மருத்துவர் அரசியலுக்கு வந்தது எப்படி?

1919 மே 28-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார் லிம். அப்பாவும் மருத்துவர்தான். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தார். உபகாரச் சம்பளம் கிடைத்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய், 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சீனாவில் சில காலம் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார்.

1951-இல் அரசியலில் இறங்கினார். 1958-இல் மலேசிய சீனர் சங்கமான மசீசவின் தலைவர் தேர்தலில், அதன் நிறுவனத் தலைவரான டான் செங் லோக்கையே தோற்கடித்தார். மறு ஆண்டே தொகுதிப் பங்கீட்டில் துங்கு அப்துல் ரஹ்மானோடு மோதல் வந்தது. கட்சித் தலைமையை விட்டு விலக வேண்டியதாயிற்று. 1962-இல் தொடங்கிய புதுக் கட்சியும் பெரிதாக வளரவில்லை. 1968-இல் வேறு சில தலைவர்களோடு சேர்ந்து கெராக்கான் கட்சியை உருவாக்கினார்.

1969 மே 10-ஆம் தேதி பொதுத்தேர்தல். பினாங்கு சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16-ஐ கெராக்கான் பிடித்தது. ஆனால் மூன்றே நாளில் கோலாலம்பூரில் இனக்கலவரம். நாடு முழுவதும் அவசரகாலம். அந்தச் சூழலில்தான் அவர் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போது பினாங்கின் நிலைமை என்ன?

பினாங்கின் சோறு துறைமுகத்திலிருந்து வந்தது. தீர்வை இல்லாத துறைமுகம் என்பதால் சரக்கு இங்கே இறங்கி, பிரிந்து, பல ஊர்களுக்குப் போனது. கிட்டங்கிகளில் கணக்கெழுதியவர்களிலும், கப்பலில் சுமை தூக்கியவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர்.

1960-களின் இறுதியில் அந்தச் சலுகை பறிபோனது. வேலை தேடியவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு வேலை இல்லை. அதில் பெரும்பாலோர் இளைஞர்கள். கையில் காசும் இல்லை, போக வேறு வழியும் இல்லை.

சும்மா இருந்துவிடவில்லை லிம். 1969 நவம்பரில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. அவரே அதன் தலைவர். செட் சிங் பொது மேலாளராகப் பொறுப்பேற்று, நீண்ட காலம் அதை நடத்தினார்.

கம்பெனிகளை எப்படி வரவழைத்தார்?

பினாங்கில் ஏற்கெனவே தொழிற்பேட்டைகள் இருந்தன. பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டின் ஓர் உதாரணம். அங்கிருந்த பல ஆலைகள் உள்நாட்டுச் சந்தையை நம்பியவை. அந்தச் சந்தையோ சின்னது. நேதன் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் தந்த பெருந்திட்டம், ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு மாறச் சொன்னது. லிம் அதைப் பற்றிக்கொண்டார்.

அதே நேரத்தில் அமெரிக்க சிப் நிறுவனங்கள் கூலி குறைந்த இடங்களைத் தேடிக்கொண்டிருந்தன. 1971-இல் நாடாளுமன்றம் தடையற்ற வாணிப மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் நெல் வயலாகக் கிடந்த இடத்தில் மண்டலம் எழுந்தது. மூலப்பொருளுக்கு இறக்குமதித் தீர்வை இல்லை. விமான நிலையம் பக்கத்திலேயே. நிலம், தண்ணீர், மின்சாரம், அனுமதி என்று எதற்கும் பத்து அலுவலகம் ஏறி இறங்க வேண்டாம். மேம்பாட்டுக் கழகத்தில் சொன்னால் போதும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பினாங்குக்காரர்களால் மின்னணுப் பொருள் செய்ய முடியுமா என்ற சந்தேகம் வெளியாருக்கு இருந்தது. அதற்காகக் கழகமே பினாங்கு எலக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன ஆலையை நடத்திக் காட்டியது.

இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், பாஷ், ஹிட்டாச்சி, கிளாரியன் என எட்டு நிறுவனங்கள் முதல் அலையில் வந்தன. 'எட்டு சாமுராய்கள்' என்று இவற்றை இன்றும் சொல்வார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் ஆலை பினாங்கு ஆலைதான். 1975-இல் அது தீயில் எரிந்தது. ஆனாலும் நிறுவனம் மூட்டை கட்டவில்லை. திரும்பக் கட்டியது.

வந்ததெல்லாம் நன்மையா?

இல்லை. முதலில் வந்தது கண்டுபிடிப்பு வேலை அல்ல. மெல்லிய கம்பியைச் சிப்பில் இணைக்கும் வேலை. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் ஃபேக்டரி பஸ்ஸில் வந்த இளம்பெண்கள்தான் அதைச் செய்தார்கள். ஷிஃப்ட் முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்திருக்க வேண்டும். சம்பளம் குறைவு. மின்னணுத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க மத்திய அரசு நெடுங்காலம் இடம் தரவில்லை. 1988-இல்தான், அதுவும் ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் தனித்தனியாக அமைக்க வழி திறந்தது.

'மினா காரான்' என்று அந்தப் பெண்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பினாங்கின் முதல் அந்நிய முதலீட்டைக் கட்டிக்காத்தது அவர்களின் கைகள்.

1980-களின் நடுவில் உலக மின்னணுச் சந்தை சரிந்தபோது ஆட்குறைப்பு நடந்தது. கூலி குறைவு என்பதை மட்டும் நம்பினால், அதைவிடக் குறைந்த கூலிக்கு இன்னொரு நாடு வந்து நிற்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

போட்டிக்காரர்கள் ஒரே வகுப்பில்

இதற்குப் பதிலாக 1989-இல் வந்ததுதான் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. மாநில அரசு இடம் கொடுத்தது. ஆனால் என்ன கற்றுத்தர வேண்டும் என்று முடிவு செய்தது ஆலைகள். சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்கள் இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் பகிர்ந்துகொண்டு, ஒரே கூரையின் கீழ் ஆட்களைப் பயிற்றுவித்தன. 1969-இல் தொடங்கிய, இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனமும் பொறியாளர்களை அனுப்பியது.

பலன் மெதுவாகத்தான் வந்தது. பொருத்தும் வேலை சோதனை வேலையானது. பிறகு சிப் வடிவமைப்பும் வந்தது. அந்நிய ஆலைகளில் பழகிய உள்ளூர்ப் பொறியாளர்கள் வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கினார்கள். இன்டெல்லில் வேலை பார்த்தவர்கள் 1991-இல் குளோப்ட்ரோனிக்ஸைத் தொடங்கினார்கள். ஹியூலெட் பேக்கார்ட் வழியில் வந்தவர்கள் 2000-இல் தொடங்கிய வைட்ராக்ஸ், சிப்புகளைப் பரிசோதிக்கும் இயந்திரங்களைச் செய்து ஏற்றுமதி செய்கிறது.

இந்த அறுவடையை லிம் முதலமைச்சராக இருந்து பார்க்கவில்லை. 1985-இல் பினாங்குப் பாலம், அதற்கடுத்த ஆண்டு கொம்தார் கோபுரம் என்று பெரிய வேலைகள் முடிந்திருந்தன. ஆனால் 1990 தேர்தலில் பாடாங் கோத்தா தொகுதியில் லிம் கிட் சியாங்கிடம் தோற்று, அரசியலை விட்டே ஒதுங்கினார். 2010 நவம்பர் 24-ஆம் தேதி 91 வயதில் காலமானார். நெடுஞ்சாலைக்கு அவர் பெயர் வந்தது அதன் பிறகுதான்.

நமக்கு என்ன?

சிப்புகளைப் பொருத்தி, சோதித்து, பொதியும் உலகளாவிய வேலையில் சுமார் 13 விழுக்காடு இன்று மலேசியாவில் நடக்கிறது. அதில் பினாங்கின் பங்கு பெரிது. ஆனாலும் உலகம் அறிந்த சொந்த முத்திரைகள் நம்மிடம் இன்னும் குறைவு. 1972-இல் தொடங்கிய பயணம் பாதி வழியில்தான் இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஒரு பெரிய கம்பெனி வருதுன்னு செய்தி கேட்டால், எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்றும் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: உள்ளே போகிற நம் பிள்ளைகள் அங்கே எதைக் கற்றுக்கொள்வார்கள்? பத்து, பதினைந்து ஆண்டு கழித்து அதை வைத்துத் தனியாக ஏதாவது தொடங்க முடியுமா?