சுரங்கத்து நஞ்சை அறிந்த மருத்துவர்

பூமியின் மடியில் பொன்னும் வெள்ளியும் மட்டும் உறங்கவில்லை. கொடிய நஞ்சும் அவற்றோடு உறங்குகிறது. அந்த நஞ்சு எப்போது விழிக்கிறது என்பதை ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பே கூர்ந்து நோக்கியவர் ஜியார்ஜியஸ் அக்ரிகோலா. கனிமவியலின் தந்தை என உலகம் போற்றும் அப்பெருமகனாரின் வரலாற்றைச் சிறிது காண்போமா, தோழியரே?

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள கிளவ்காவ் என்னும் ஊரில் 1494 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் நாள் அவர் பிறந்தார். இயற்பெயர் கியோர்க் பாவர். பாவர் என்றால் உழவர் என்று பொருள். அறிஞர்கள் தம் பெயரை லத்தீனில் மாற்றிக்கொள்ளும் அக்கால வழக்கப்படி அவர் அக்ரிகோலா ஆனார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஸ்விக்காவ் நகரில் கிரேக்க மொழி கற்பித்து, பின்னர் இத்தாலி சென்று மருத்துவம் கற்றார்.

1527 இல் ஜோக்கிம்ஸ்தால் என்னும் ஊரின் மருத்துவராக நியமனம் பெற்றார். இன்று செக் நாட்டில் யாக்கிமோவ் என்று வழங்கும் இவ்வூர், தேவமாதாவின் தந்தையாகிய புனித சுவக்கின் பெயரைத் தாங்கியது. இங்கு கிடைத்த வெள்ளியில் அடித்த தாலர் நாணயத்தின் பெயரே பிற்காலத்தில் டாலர் என்றாயிற்று. ஆனால் அந்த வெள்ளியைத் தோண்டியவர்களின் நிலையோ பரிதாபமானது. வெள்ளியோடு கலந்திருந்த கோபால்ட் தாது அவர்களுடைய கை கால்களைப் புண்ணாக்கியது. கோபோல்ட் என்னும் குட்டிப் பிசாசின் வேலை அது என்று சுரங்கத்தார் அஞ்சினர். கோபால்ட் என்ற பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

அக்ரிகோலாவும் சுரங்கத்தில் ஆவிகள் உண்டென்று நம்பிய காலத்தவரே. ஆயினும் நோயாளியின் புண்ணைப் பிசாசின் மேல் போட்டுவிட்டு அவர் வாளாவிருக்கவில்லை. சுரங்கங்களையும் உலைக்களங்களையும் நேரில் சென்று பார்த்தார். கால்கள் நனையும்போதுதான் அந்தத் தாது அவற்றை அரிக்கிறது என்று கண்டார். தோல் காலணியும், முழங்கை வரை நீண்ட கையுறையும், முகத்திரையும் அணியுமாறு அறிவுறுத்தினார். சுரங்கத்திற்குள் நல்ல காற்றைச் செலுத்தும் பொறிகளையும் விளக்கி எழுதினார்.

நீருக்கும் நஞ்சுக்கும் உள்ள உறவை இன்றைய வேதியியல் நமக்குத் தெளிவாக்குகிறது. ஆர்சனிக் என்னும் பாஷாணம் பாறைக்குள் இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றோடு இணைந்து கிடக்கிறது. மனிதன் சுரங்கம் தோண்டியதும் ஆக்சிஜனும் ஈரமும் உள்ளே புகுகின்றன. தாது சிதைகிறது, அதிலுள்ள கந்தகம் அமிலமாகிறது, ஆர்சனிக் நீரில் கரைகிறது. கரைந்தது கோபால்ட்டைச் சந்தித்தால் ரோஜா நிற எரித்ரைட் உண்டாகும். நிக்கலைச் சந்தித்தால் இளம்பச்சை அன்னபெர்கைட். சுண்ணாம்புச் சத்தைச் சந்தித்தால் வெண்பஞ்சு போன்ற பார்மகோலைட். இரும்பைச் சந்தித்தால் பசுமை கலந்த ஸ்கோரோடைட். மனிதர் கைவிட்டுப் போன பின்பும் இவ்வேலை நிற்பதில்லை. இருண்ட சுவர்களில் கசியும் நீர் உலர உலர, பூப்பூத்தாற்போல் இப்படிகங்கள் படர்கின்றன. கண்ணுக்கு அழகு, உடலுக்கு நஞ்சு! இவற்றுள் சில மீண்டும் நீரில் கரைந்து ஓடைகளிலும் கலந்துவிடும்.

1531 இல் அக்ரிகோலா கெம்னிட்ஸ் நகரில் குடியேறினார். 1546 இல் அந்நகரின் மேயரானார். நகரம் லுத்தரன் சபையைத் தழுவிய பின்பும் அவர் கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். 1555 நவம்பர் 21 இல் மறைந்தபோது அங்கே அவரை அடக்கம் செய்ய இடம் மறுக்கப்பட்டது. ஸைட்ஸ் நகரப் பேராலயமே அவரது உடலை ஏற்றுக்கொண்டது. நகரைப் பேணியவருக்கு நகரில் ஆறடி நிலம் இல்லை!

அவர் அரும்பாடுபட்டு எழுதிய டி ரே மெட்டாலிகா என்னும் 12 பாகங்கள் கொண்ட நூல், மறு ஆண்டு 1556 இல் பாசல் நகரில் அச்சாயிற்று. அதை 1912 இல் ஆங்கிலத்தில் தந்தவர்கள் நிலவியல் கற்ற லூ ஹென்றி ஹூவர் என்ற பெண்மணியும், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான அவர் கணவர் ஹெர்பர்ட் ஹூவரும் ஆவர். பெண்கள் நமக்கு இது பெருமையன்றோ!

பிறர் அஞ்சிய இடத்தில் அவர் ஆராய்ந்தார். பிறர் வெள்ளியைப் பார்த்தபோது அவர் தொழிலாளியின் காலைப் பார்த்தார். தோழியரே, கற்கும் கல்வி துன்புறுவோர்க்குப் பயன்பட வேண்டும் என்பதே அப்பெரியாரின் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம்.