திருநாவுக்கரசு சுவாமிகளும் சூலை நோயும்

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில், திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குலத்துக் குறுக்கையர் குடியிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகவாய்த் தோன்றியவர் மருணீக்கியார். இளமையிலேயே பெற்றோரை இழந்தனர். தமக்கையார் திலகவதியாரோ, தமக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாய்ந்தமை கேட்டு உயிர்விடத் துணிந்து, தம்பியார் பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியார் நிலையாமை கண்டு மெய்ந்நெறி தேடுவார், பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியிற் புகுந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமையும் எய்தினார்.

திருவதிகை வீரட்டானத்தில் திருத்தொண்டு புரிந்திருந்த தமக்கையார் தம்பியை மீட்டருளுமாறு இறைவனை வேண்ட, சூலை தந்து அவரை ஆட்கொள்வோம் எனப் பெருமான் கனவில் அருளினார். அவ்வாறே சூலை தருமசேனர் குடலைப் பற்றி முறுக்கியது. அவர் கற்ற மந்திரங்கள் உதவவில்லை. சமண முனிவர் குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர், மயிற்பீலியால் தடவினர், வலி முன்னையினும் மிக்கது. சமையற்காரனைத் தமக்கையாரிடம் விடுத்தார். அம்மையார் சமணர் பள்ளிக்கு வர மறுத்தமையால், பாயுடையும் குண்டிகையும் பீலியும் நீத்து, வெள்ளுடை புனைந்து, 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியை இரவிலே கடந்து அவர் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்து, திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் திருவலகும் சாணமும் தோண்டியும் கொண்டு திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். கொல்லிப் பண்ணில் முதற்றிருப்பதிகம் அங்கே பிறந்தது, சூலை அகன்றது, நாவுக்கரசு என்னும் பெயரும் வந்தது.

அச்சூலை இன்ன நோய் என இன்று துணிதல் தகாது. இறைவன் ஒரு பயன் கருதித் தந்து, தானே மீட்டுக்கொண்டது அது. நம் வயிற்றுவலி ஒவ்வொன்றையும் அதனோடு ஒப்பவைத்து, வினைப்பயன் என்று நாள் கடத்தும் அடியவர் எம் தாராபுரத்துப் பக்கத்தும் உளர், திருமடங்களிலும் உளர். நாவரசரே நோயை மறைத்துக் கிடந்தாரல்லர். உற்றாரிடம் ஆளனுப்பினார், இரவென்றும் பாராது நடந்தார். எழுந்தெழுந்து தணியும் வலியால் ஓரிடத்துக் கிடவாது புரளுதல் குடலடைப்பிலும் சிறுநீர்வழிக் கல்லிலும் காணப்படுவது. அசைந்தால் வலி மிகுமென்று அசையாது கிடத்தலும், வயிறு பலகைபோல் இறுகுதலும் அதனினும் கொடிய குறி, குடல் துளைபட்டிருக்கலாம். கொப்பூழைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைக்கும் வலி குடல்வால் அழற்சியாகலாம். இரத்த வாந்தி, தார்போற் கறுத்த மலம், மலமும் வாயுவும் ஒருங்கே தடைப்படுதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் கைவைத்தியமும் பேதி மருந்தும் ஆகா; அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். உண்ணா நோன்பாலும் காலந்தாழ்த்த உணவாலும் வந்ததென்று நாம் கருதிய இரைப்பைப் புண்ணுட் பல, ஒரு நுண்கிருமியால் விளைவன. அதனை 1982-இல் ஆத்திரேலிய நாட்டு மார்சலும் வாரனும் கண்டனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் தீர்வதனை ஆயுள்நோயாகச் சுமப்பானேன்?

பின்னர் நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு கடலும் அவர்க்குத் தீங்கு செய்யமாட்டாது ஒழிந்தன. உழவாரம் தாங்கித் தலந்தோறும் புற்களைந்து, திங்களூரில் அப்பூதியடிகள் மைந்தரை அரவின் விடம் தீர்த்தெழுப்பி, 81-ஆம் ஆண்டிற் சித்திரைச் சதயத்திலே திருப்புகலூரில் இறைவன் திருவடி சேர்ந்தார்.