நாய்க்குட்டிக்கு ரேபிஸ் ஊசி: தோல் பதனிடுபவரின் மகன் தொடங்கிவைத்த கதை

நாட்றம்பள்ளியில் புது நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனால், 3 மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி போடச் சொல்வார். பிறகு ஒரு பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம். இந்த ஊசிக்கு அடித்தளம் போட்ட லூயி பாஸ்டர் டாக்டரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை, வேதியியல்காரர். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு தகவலும் பிடிக்கும்: அவருடைய அப்பா தோல் பதனிடும் தொழிலாளி.

1822 டிசம்பர் 27-ல் பிரான்ஸில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயர் டோல் (நம்ம ஊர் தோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). வளர்ந்தது அர்புவாவில். 1831-ல் அந்தப் பகுதியில் வெறிபிடித்த ஓநாய் பலரைக் கடித்தது. கடிவாயைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதுதான் அன்றைய வைத்தியம். அப்போது பாஸ்டருக்கு 8 வயது.

பின்னாளில் மகள்கள் மூவரைப் பறிகொடுத்தார். அதில் இருவருக்கு டைபாய்டு. 1868-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனமானது. அவர் பெயர் சொல்லும் தடுப்பூசிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

1881-ல் புய்யி-லெ-ஃபோர் பண்ணையில் அடைப்பான் நோய்க்கு, அதாவது ஆந்த்ராக்ஸுக்கு, ஊர் பார்க்கச் சோதனை நடந்தது. மாட்டையும் ஆட்டையும் கொல்லும் இந்த நோய், தோலைக் கையாளும் தொழிலாளிகளுக்கும் ஆபத்தானது. ஊசி போட்ட ஆடுகள் ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. போடாத செம்மறிகள் செத்துப்போயின. பாஸ்டர் புகழின் உச்சிக்குப் போனார்.

ஆனால் 1970-களில் ஆய்வாளர்கள் கைக்கு வந்த அவருடைய ஆய்வக நோட்டுகள் வேறு கதை சொல்லின. கிருமியைக் காற்றின் ஆக்சிஜனால் பலவீனப்படுத்தியதாக ஊர் நம்பியது. உண்மையில் அன்று போட்டது, பொட்டாசியம் டைக்ரோமேட்டால் அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் தயாரித்த ஊசி. குரோம் முறையில் தோல் பதனிடுபவர்களுக்குப் பழக்கமான ரசாயனக் குடும்பம்தான் அது! ரசாயனத்தால் அடைப்பான் தடுப்பூசி செய்ய முடியும் என்று 1880-லேயே காட்டியவர் துலூஸ் கால்நடை மருத்துவப் பேராசிரியர் துஸ்ஸான். பாஸ்டர் மறைத்தது அவருக்குச் செய்த அநியாயம்தான்.

ரேபிஸிலும் அப்படித்தான். நோயை முயலுக்கு மாற்றி ஆராயலாம் என்று 1879-ல் காட்டியவர் லியோன் கால்நடை மருத்துவப் பள்ளியின் கால்டியே. வெறிநோய் கண்ட முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி, கிருமியின் வீரியத்தைக் குறைத்தது பாஸ்டர் குழு.

1885 ஜூலை 6. நாய் பல இடங்களில் கடித்த 9 வயது யோசப் மைஸ்டரை அவனுடைய அம்மா பாரிஸுக்குக் கூட்டிவந்தார். அதே முறையில் நாய்களிடம் நடந்த சோதனை அப்போது முழுசாக முடியவில்லை. மருத்துவ உரிமம் இல்லாததால் பாஸ்டர் ஊசியைத் தொட முடியாது. டாக்டர் கிரான்ஷே போட்டார். மொத்தம் 13 ஊசி. ஒவ்வொன்றும் முந்தியதைவிட வீரியமானது. தவறினால் பையன் உயிர் போகும். பையன் பிழைத்தான்.

1888-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அவர் இறந்தது 1895 செப்டம்பர் 28-ல். அந்த நாள்தான் இன்று உலக ரேபிஸ் தினம். நம்ம குன்னூரில் 1907-ல் தொடங்கிய நிறுவனத்துக்கும் அவர் பெயர்தான்.