பூமி பிளந்த கதையை எழுதி வைத்தவர்

1897-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி, சனிக்கிழமை. மாலை 5 மணி தாண்டிச் சற்று நேரம் ஆகியிருந்தது. அசாமில் பூமி குலுங்கியது. ஷில்லாங் நகரில் கல் கட்டடங்கள் அத்தனையும் சரிந்தன. ஏறக்குறைய இங்கிலாந்து தேசம் அளவுள்ள பரப்பில், கல்லாலும் செங்கல்லாலும் கட்டியவை எல்லாம் மண்மேடு ஆகிவிட்டன. இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். ஜனங்களில் பெரும்பாலோர் மூங்கில், நாணல் வீடுகளில் வசித்தார்கள். மாலை வேளையில் பலர் வெளியே இருந்தார்கள். அதனால்தான் சாவு அவ்வளவோடு நின்றது.

கல்கத்தாவும் தப்பவில்லை. சௌரங்கிப் பக்கம் போகிற நம்மவர்கள் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் ஊசிக் கோபுரம் அன்று சேதம் அடைந்தது. பழுது பார்த்தார்கள். 1934-ம் ஆண்டு பீகார் பூகம்பத்தில் மறுபடியும் விழுந்துவிட்டது. இப்போது நிற்பது அதற்குப் பிறகு கட்டிய வேறு கோபுரம்.

1897 பூகம்பம் எப்படி வந்தது என்று துருவித் துருவிப் பார்த்து எழுதி வைத்தவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1858-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பிறந்தவர் அவர். தந்தை தாமஸ் ஓல்டாம், ஜியாலஜிகல் சர்வே ஆப் இந்தியா என்ற நில ஆய்வு இலாகாவுக்கு 1851-ல் தலைமை ஏற்றவர். பூகம்பங்களைப் பற்றி நிறையக் குறிப்புகள் சேர்த்தார். அவற்றை முடிக்காமலே 1878-ல் காலமானார். மறு வருடம் மகன் அதே இலாகாவில் உத்தியோகத்துக்கு வந்தார். தந்தை விட்டுப்போன குறிப்புகளை ஒழுங்கு செய்து, 1869 கச்சார் பூகம்பம் பற்றிய அறிக்கையையும், இந்தியப் பூகம்பங்களின் பட்டியலையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். பூகம்பத்தை அவர் சொத்தாகப் பெற்றார் என்றே சொல்லலாம்.

அசாம் குலுங்கியபோது அவருக்கு வயது 38. காசி, காரோ மலைகளைச் சுற்றி வந்தார். அங்கே கண்டவை சாதாரணம் அல்ல.

மண்ணில் புதைந்து கிடந்த பாறாங்கற்கள், அவை இருந்த குழியின் விளிம்பு சிதையாமலே வெளியே எகிறி விழுந்திருந்தன. பக்கவாட்டில் ஆட்டினால் விளிம்பு உடைந்திருக்கும். ஆகவே, பூமியின் ஈர்ப்பையும் மிஞ்சிய விசையோடு நிலம் மேல்நோக்கித் தூக்கி எறிந்திருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

காரோ மலையில் செட்ராங் ஆற்றை ஒட்டி 12 மைல் தூரம் தரை பிளந்திருந்தது. ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 35 அடி வரை உயர்ந்துவிட்டது. ஆறு அந்தப் பிளவைக் குறுக்கே கடந்த இடங்களில், ஒரு பக்கம் அருவி கொட்டியது; இன்னொரு பக்கம் தண்ணீர் தேங்கி ஏரி ஆனது. பூகம்பத்துக்கு முன் துரா ஊரிலிருந்து நடுவில் உள்ள குன்றைத் தாண்டி, தூரத்துச் சமவெளி அரைகுறையாகத்தான் தெரியும். அதற்குப் பின் நன்றாகவே தெரிந்தது. ஏதோ ஒரு மலை உயர்ந்திருக்க வேண்டும், அல்லது தாழ்ந்திருக்க வேண்டும்.

1860-களில் சர்வேக்காரர்கள் அளந்த மலைகளை மறுபடி அளந்தார்கள். உயரமும் தூரமும் மாறியிருந்தன. ஆனால் ஒரு சிக்கல். அசையாதவை என்று வைத்துக்கொண்ட புள்ளிகளே அசைந்திருக்கலாம். ஓல்டாம் அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை. எண்களை அப்படியே 1899-ல் வெளியான தம் பெரிய அறிக்கையில் சேர்த்தார். இந்த அடக்கம்தான் பின்னால் பெரிய உதவியாயிற்று.

பூகம்ப அலைகள் மூன்று வகை என்று கருவிகளின் பதிவுகளில் பிரித்துக் காட்டினார். உடல்நலக் குறைவால் 1903-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1906-ல், பூமியின் நடுவே வேறு பொருளாலான ஒரு கரு இருக்கிறது என்பதை அந்த அலைகளைக் கொண்டே எடுத்துச் சொன்னார். உலகம் அவரை நினைப்பது அதற்காகத்தான். நம் நாட்டுக்கு அசாம் அறிக்கையே பெரிது என்பது என் எண்ணம். 1911-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1936-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி வேல்ஸ் நாட்டில் காலமானார்.

கதை அங்கே முடியவில்லை.

பூமிக்குள் பாறைப் பிளவு ஒரு கோடு அல்ல. சாய்வான ஒரு பலகை மாதிரி. அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு செங்குத்து, எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தே எந்த ஊர் எப்படிக் குலுங்கும் என்பது அமையும். 1897 பூகம்பத்தின் பிளவு வடக்கே, இமயமலைக்கு அடியில் சாய்ந்து போகிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள்.

2001-ல் ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்கிலாந்து என்ற இரு விஞ்ஞானிகள் அந்தப் பழைய அளவுகளைத் தூசி தட்டி எடுத்துக் கணக்குப் போட்டார்கள். விடை தலைகீழாக வந்தது. பிளவு இமயமலைக்கு எதிர்ப்பக்கம், தெற்கு நோக்கிச் செங்குத்தாகச் சரிந்து ஷில்லாங் பீடபூமிக்கு அடியில் போகிறது. நீளம் சுமார் 110 கிலோமீட்டர். பீடபூமியின் வடக்கு ஓரம் குறைந்தது 11 மீட்டர் ஒரே மூச்சில் எழும்பியது. அடியில் பாறை நகர்ந்தது சுமார் 18 மீட்டர். கணக்கில் 7 மீட்டர் கூடலாம், குறையலாம். இவ்வளவு குட்டையான பிளவில் இத்தனை நகர்வது அபூர்வம். பாறாங்கற்கள் எகிறியதன் காரணம் அதுதான்.

பீடபூமியின் தெற்கு ஓரத்தில் டௌகி என்ற இன்னொரு பிளவு, இதற்கு எதிராக வடக்கு நோக்கிச் சரிகிறது. நடுவில் பீடபூமி ஆப்பு மாதிரி நிற்கிறது. இரு விரலுக்கு நடுவே புளியங்கொட்டையை அழுத்தினால் துள்ளுமே, அதேபோல் இரு பக்க நெருக்கலில் அது மேலே எழும்புகிறது. நெருக்கலில் ஒரு பங்கை இது வாங்கிக்கொள்வதால் பூட்டானுக்கு அபாயம் சற்றுக் குறைவு என்றும், வங்காளதேசத்தின் வடபகுதிக்கு அபாயம் அதிகம் என்றும் அவர்கள் கணித்தார்கள். இதை ஏற்காத நிபுணர்களும் உண்டு. அந்தப் பிளவு தரையில் முகம் காட்டவில்லையே என்பது அவர்கள் வாதம்.

முகம் காட்டாத அந்தப் பிளவுக்கு அவர்கள் வைத்த பெயர் ஓல்டாம் பிளவு.